பாசித் தூள் முளையக் கலங்களை மருந்தின் நச்சிலிருந்து காக்குமா? வலிப்பு மருந்து எடுக்கும் தங்கைக்காக ஒரு கேள்வி

கேள்வி: டிக்கோயா ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் டிக்கோயாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். என் தங்கைக்கு இருபத்தாறு வயது. பதினான்கு வயதில் வலிப்பு நோய் கண்டதிலிருந்து சோடியம் வல்ப்ரோயேட் எடுத்து வருகிறாள். இப்போது காலையில் 500 மில்லிகிராம், இரவில் 500 மில்லிகிராம். மூன்று வருடங்களாக ஒரு தடவையேனும் வலிப்பு வரவில்லை. தை மாதத்தில் திருமணம் முடிந்தது. இனிக் குழந்தை வேண்டும் என்று ஆசைப்படுகிறாள்.

சென்ற சம்பள நாளன்று சந்தியில் ஒருவர் ஸ்பிருலினா எனப்படும் பாசியின் தூளைப் பொதிகளாக விற்றுக்கொண்டிருந்தார். கூடவே கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் மருந்து பட்டுச் சுருங்கி உதிர்ந்த முளையக் கலங்கள். மற்றதில் அதே மருந்தோடு பாசிச் சாறும் சேர்க்கப்பட்டதால் விரிந்து ஒட்டியபடி உயிரோடிருக்கும் கலங்கள். பாசியிலுள்ள ஒட்சியேற்ற எதிரிகள், அதாவது கடைகளில் ஆன்டிஒக்ஸிடன்ட் என்று சொல்கிறார்களே அவை, கருவை மருந்தின் நச்சிலிருந்து காக்கும் என்று கீழே எழுதியிருந்தார்கள். தங்கையின் மாமியார் நல்ல மனதோடு இரண்டு பொதிகள் வாங்கிக் கொண்டுவந்து, "இதைக் குடி, மருந்தையும் போடு, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். அந்தப் படங்கள் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவற்றை நம்பித் தங்கையை விட்டுவிடவும் மனம் துணியவில்லை. அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. அந்தப் பரிசோதனைகள் உண்மையானவையா? உண்மையென்றால், தங்கை இதே மருந்தோடு பாசித் தூளையும் எடுத்துக்கொண்டு கருத்தரிக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: கலவளர்ப்பு, கண்டி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் ஓர் ஆய்வுகூடத்தில் நான்கு வருடங்கள் கலவளர்ப்பு வேலை செய்தவன். இத்தகைய பரிசோதனைகள் உண்மையிலேயே நடக்கின்றன, படங்களில் காட்டப்படுவது உண்மையிலேயே நிகழக்கூடியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் படத்திலிருந்து உங்கள் தங்கையின் கருப்பைக்கு வந்து சேர்வதற்குள் பல படிகளைத் தாண்டவேண்டும். துண்டுப்பிரசுரம் அந்தப் படிகள் ஒன்றையுமே சொல்லவில்லை.

சில மருந்துகள் கலத்துக்குள் சென்றதும் கலத்துக்குச் சக்தி தரும் உறுப்பான இழைமணியின் வேலையைக் குழப்பிவிடுகின்றன. அப்போது நிலையற்ற ஒட்சிசன் மூலக்கூறுகள் அளவுக்கு மிஞ்சி உருவாகி, கலமென்சவ்வின் கொழுப்பையும் புரதங்களையும் டி.என்.ஏ.யையும் தாக்குகின்றன. குளுட்டதயோன், கற்றலேசு, சூப்பர்ஒக்சைட் டிஸ்மியூட்டேசு ஆகியவை கலத்துக்குச் சொந்தமான காவல். இளம் முளையத்தில் இந்தக் காவல் இன்னும் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. ஸ்பிருலினாவின் நீல நிறப்பொருளான பைக்கோசயனின், ஹெமட்டோகொக்கசு என்ற அல்காவின், அதாவது பாசியின், சிவப்பு நிறப்பொருளான அஸ்டாசாந்தின், கபிலக் கடற்பாசிகளின் பியூகோசாந்தின் போன்றவை அந்த மூலக்கூறுகளை அடக்கக்கூடியவை. இதய நஞ்சாக மாறக்கூடிய டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது, ஸ்பிருலினாவும் பெற்ற எலிகளின் இதயம் குறைவாகவே பாதிக்கப்பட்டது என்று 2005 இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆகவே எண்ணம் அடிப்படையற்றதல்ல.

இனி, "முளையக் கலம்" என்று தலைப்பிட்ட எல்லாமே முளையம் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஆய்வுகூடங்களில் மிக அதிகமாகப் பயன்படும் எச்.ஈ.கே. 293 என்ற கலங்கள், 1973 இல் நெதர்லாந்தில் ஒரு முதிர்மூலவுருவின், அதாவது உறுப்புகள் உருவாகிவிட்ட கருவின், சிறுநீரகக் கலங்களிலிருந்து பெறப்பட்டு, அன்றிலிருந்து உலகெங்கும் பிரிந்து பிரிந்து வளர்ந்துகொண்டிருப்பவை. எச்.9.சி.2 என்பவை எலி முளையத்தின் இதயத்திலிருந்து பெறப்பட்டவை. இவை பெயரளவில் முளையத்துக்கு உரியவை. ஒரு குழந்தையின் முதுகெலும்பையோ அண்ணத்தையோ உருவாக்கும் வேலையை இவை செய்வதில்லை. எந்தக் கலமாகவும் மாறவல்ல உண்மையான முளைய மூலக்கலங்கள் எலியிலிருந்து 1981 இலும் மனிதரிலிருந்து 1998 இலும்தான் பிரித்தெடுக்கப்பட்டன. அவற்றை வைத்துச் செய்யும் பரிசோதனை ஒன்று உண்டு. மூலக்கலங்களைச் சிறு உருண்டைகளாகத் திரளவிட்டுப் பத்து நாட்கள் வளர்த்தால், தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு கூட்டம் தானாகத் துடிக்கத் தொடங்கும். நுணுக்குக்காட்டியில் அந்தத் துடிப்பை முதன்முதலில் பார்த்த காலைவேளையை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு மருந்தைச் சேர்த்தபின் எத்தனை கூட்டங்கள் துடிக்கவில்லை என்று எண்ணி, அது முளையத்துக்கு எவ்வளவு நஞ்சு என்று மதிப்பிடுவார்கள். இது பயனுள்ள முறைதான், எனினும் அது இதயத் தசையாக மாறும் ஒரே பாதையை மட்டுமே காட்டுகிறது.

உயிர் இருக்கிறதா என்று அளக்கும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. எம்.டி.டி. என்ற மஞ்சள் நிறப் பொருளைக் கலங்களுக்குச் சேர்த்தால், உயிருள்ள கலங்கள் அதை ஊதா நிறமாக்கும். ஊதா எவ்வளவு ஆழமோ அவ்வளவு கலங்கள் உயிரோடிருக்கின்றன என்பது கணக்கு. ஆனால் ஒட்சியேற்ற எதிரிகள் நிறைந்த சாறுகள் கலத்தின் உதவி இல்லாமலே அந்த மஞ்சளை ஊதாவாக்கிவிடக்கூடும். ஒரு தடவை ஒரு தாவரச் சாற்றைக் கலமே இல்லாத குழிகளில் ஊற்றி எம்.டி.டி. சேர்த்துப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் அவை அத்தனையும் ஊதாவாகிவிட்டன. உயிரே இல்லாத இடத்தில் உயிர் காப்பாற்றப்பட்டதாகக் கருவி எண் காட்டியது. அன்றிலிருந்து, கலமற்ற குழியையும் சேர்த்து அளந்தார்களா என்று பார்க்காமல் நான் எந்த முடிவையும் நம்புவதில்லை.

இன்னுமொன்று. நாங்கள் கலங்களைச் சாதாரணக் காற்றில் உள்ள அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமான ஒட்சிசனில் வளர்க்கிறோம். கருப்பைக்குள் முதல் பத்து வாரங்களில் இருக்கும் ஒட்சிசனோ அதைவிடப் பல மடங்கு குறைவு. தாயின் இரத்தம் சூல்வித்தகத்துக்குள், அதாவது நஞ்சுக்கொடிக்குள், முழுவீச்சில் பாய்வது அதன் பின்னர்தான். அந்தக் குறைந்த ஒட்சிசனே இளம் முளையத்துக்கு இயற்கை வைத்திருக்கும் பாதுகாப்பு. ஆகவே தட்டில் உள்ள கலங்கள் மருந்து சேர்க்கும் முன்பே ஒட்சிசனால் ஓரளவு வருந்திக்கொண்டிருக்கின்றன. அங்கே ஒட்சியேற்ற எதிரி பெரிய உதவிபோலத் தெரிவதில் வியப்பில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வல்ப்ரோயேட் எவ்வழியாகக் கருவைத் தாக்குகிறது என்பதாகும். டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி நூல்போலச் சுருண்டிருக்கிறது. அந்தப் புரதங்களில் அசற்றைல் கூட்டங்கள் ஒட்டும்போது சுருள் தளர்ந்து பரம்பரை அலகுகள் இயங்கும். ஒரு நொதியம் அவற்றை நீக்கும்போது சுருள் இறுகி அவை அடங்கும். வல்ப்ரோயேட் அந்த நீக்கும் நொதியத்தைத் தடுத்துவிடுகிறது. முளையத்தில் எந்த அலகு எந்த நாளில் திறந்து எந்த நாளில் மூடவேண்டும் என்ற ஒழுங்கு அதனால் குலைகிறது. இம்மருந்து ஒட்சியேற்ற அழுத்தத்தையும் உண்டாக்குகிறது, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் விட்டமினான போலிக் அமிலத்தின் பயன்பாட்டையும் குழப்புகிறது. ஆனால் இவை பக்க வழிகள். பைக்கோசயனின் ஒட்சியேற்றத்தை முற்றாக நிறுத்தினாலும் அந்த நொதியத்தின் தடை அப்படியே இருக்கும். லயத்துத் தகரக் கூரை ஓரிடத்தில் ஒழுக, நாம் வேறிடத்தில் சட்டி வைத்ததுபோல ஆகிவிடும்.

தட்டில் இறக்கும் கலத்தை நாம் எண்ணிவிடலாம். கருவில் பெரும்பாலும் கலங்கள் இறப்பதில்லை, தவறான நேரத்தில் தவறான வேலையைச் செய்கின்றன. அதை அந்த இரண்டு படங்களும் காட்ட மாட்டா.


பதில் 2: மருந்தாளர், பண்டாரவளை

முன்னவர் சொன்ன விஞ்ஞானத்தோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். நான் மருந்துப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: உங்கள் தங்கை பயந்துபோய் வல்ப்ரோயேட்டைத் தானாக நிறுத்தக்கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலிப்பு மருந்து எடுத்த தாய்மாரின் கர்ப்பங்களைப் பல நாடுகளில் பதிவுசெய்துவரும் ஈயூராப் என்ற பதிவேடு, 7355 கர்ப்பங்களின் முடிவுகளை 2018 இல் வெளியிட்டது. வல்ப்ரோயேட் மட்டும் எடுத்தவர்களின் குழந்தைகளில் 10.3 வீதத்தினருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருந்தது. வேறு வலிப்பு மருந்துகளில், லமோட்ரிஜின் எடுத்தவர்களில் அது 2.9 வீதம், லெவெட்டிரசெட்டம் எடுத்தவர்களில் 2.8 வீதம். கார்பமசெபினுக்கு 5.5 வீதம். அளவும் முக்கியம்: வல்ப்ரோயேட்டை ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 6.3 வீதமாக இருந்த குறைபாடு, 1450 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களில் 25.2 வீதமாக உயர்ந்தது. உங்கள் தங்கையின் 1000 மில்லிகிராம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உடற்குறைபாட்டோடு இது முடிவதுமில்லை. கருவில் வல்ப்ரோயேட்டுக்கு ஆளான பிள்ளைகளில் பத்துக்கு மூன்று நான்கு பேருக்குப் பேச்சு, நடை, கற்றல் ஆகியவற்றில் பின்னடைவு வரலாம். ஆசிரியையான உங்களுக்கு அதன் கனம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

இந்த எண்களைப் பயமுறுத்துவதற்காக நான் எழுதவில்லை. 10.3 எங்கே, 2.8 எங்கே என்று பாருங்கள். மருந்தை மாற்றினாலே ஆபத்து அவ்வளவு இறங்குகிறது. எந்தப் பாசித் தூளும் மனிதக் கர்ப்பத்தில் அப்படி ஒன்றைச் செய்து காட்டியதில்லை. ஆனால் மாற்றுவதற்குக் காலம் வேண்டும். லமோட்ரிஜினை வாரக்கணக்கில் மிகச் சிறு அளவுகளாகத்தான் ஏற்றவேண்டும். வல்ப்ரோயேட் உடம்பில் இருக்கும்போது லமோட்ரிஜினின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், அவசரப்பட்டால் உடலெங்கும் ஆபத்தான தோற்கொப்புளம் வரலாம். புதிய மருந்தில் வலிப்பு அடங்கியிருக்கிறதா என்றும் சில மாதங்கள் பார்க்கவேண்டும். எந்த மருந்து பொருந்தும் என்பது வலிப்பின் வகையைப் பொறுத்தது; அதை நரம்பியல் வைத்தியர் மட்டுமே தீர்மானிக்க முடியும்.

கர்ப்பம் தெரிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதும் சரியல்ல. கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் கருவின் மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரங்கள் ஆகும்போது அந்த வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்; நம் மலையகத்தில் பல பெண்கள் அதற்குப் பின்னர்தான் கிளினிக்குக்கே போகிறார்கள். ஆகவே மருந்து மாறும்வரை கருத்தடை முறை ஒன்றைக் கைக்கொள்ளச் சொல்லுங்கள். போலிக் அமிலத்தையும் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கவேண்டும். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு வழமையாக நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் எழுதுவார்கள். நரம்புக் குழாய்க் குறைபாடுள்ள பிள்ளையை முன்பு பெற்ற தாய்மாருக்கு 4 மில்லிகிராம் போலிக் அமிலம் கொடுத்தபோது, அக்குறைபாடு மறுபடி வருவது 72 வீதம் குறைந்தது என்று 1991 இல் பெரிய ஆய்வொன்று காட்டியது. வல்ப்ரோயேட்டின் தீங்கை அது அந்த அளவுக்குத் தடுக்காது. எனவே போலிக் அமிலத்தை நம்பியும் மருந்தை மாற்றாமல் இருக்க முடியாது.

ஒட்சியேற்ற எதிரிகள் "தீங்கில்லாதவை" என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். கர்ப்பகால உயர் குருதியமுக்கத்தைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையோடு, ஆபத்து அதிகமுள்ள 2410 கர்ப்பிணிகளைக் கொண்டு, நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் விட்டமின் சீயும் 400 அலகு விட்டமின் ஈயும் கொடுத்துப் பிரித்தானியாவில் நடத்திய ஆய்வின் முடிவு 2006 இல் வந்தது. நோய் குறையவில்லை; விட்டமின் பெற்ற தாய்மாரிடம் எடை குறைந்த குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறந்தார்கள். அந்த இரண்டும் கலத்தட்டில் அருமையாக வேலைசெய்தவைதாம். இளம் கரு வளர்வதற்குச் சிறிதளவு ஒட்சியேற்றச் சமிக்ஞையும் தேவைப்படுகிறது என்ற கருத்தும் உண்டு.


பதில் 3: தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமலிருக்க முடியவில்லை. எனக்கும் வலிப்பு நோய் இருக்கிறது. முதற் பிள்ளை வயிற்றில் தங்கியது தெரிந்தபோது நான் வல்ப்ரோயேட்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நெருக்கமான ஒருவர், "இந்தக் குளிசை பிள்ளையைக் கெடுத்துவிடும், இன்றோடு நிறுத்திவிட்டு இந்த மூலிகைத் தூளைக் குடி" என்றார். நானும் ஒருவரையும் கேட்காமல் நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் அதிகாலை, கொழுந்துக்குப் போவதற்கு முன் ரொட்டி சுடும்போது, விறகடுப்புக்குப் பக்கத்திலேயே வலிப்பு வந்து விழுந்தேன். என் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. மாமா சத்தம் கேட்டு ஓடிவந்திராவிட்டால் சேலையும் பற்றியிருக்கும்.

அந்தப் பிள்ளை பிறந்தான், இப்போது நான்காம் ஆண்டு படிக்கிறான். எழுத்துக் கூட்டுவதற்குச் சிரமப்படுகிறான். அது மருந்தாலா, வலிப்பாலா, அல்லது வெறுமனே அவனுடைய இயல்பா என்று எவராலும் எனக்குச் சொல்ல முடியாது. இரவில் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டபோது ஒரு வருடத்துக்கு முன்பே கிளினிக்கில் சொன்னேன். வைத்தியர் என்னுடைய குளிசையை ஏழு மாதங்களில் மெல்ல மெல்ல லெவெட்டிரசெட்டமுக்கு மாற்றினார். நடுவில் ஒரு சிறிய வலிப்பு வந்தது, அளவைக் கூட்டினார்கள், அதன்பின் வரவில்லை. மகளுக்கு இப்போது இரண்டு வயது. மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம் தங்கச்சி. புதுமணத் தம்பதியரைப் பதிவுசெய்ய வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் விஷயத்தை விவரமாகச் சொல்லுங்கள். எனக்கு அவர்தான் சுகாதார வைத்திய அதிகாரியிடமிருந்து கடிதம் வாங்கித் தந்து கிளினிக் திகதியை முன்னுக்குக் கொண்டுவந்தார்.


டிக்கோயா ஆசிரியை மீண்டும்

அக்கா, உங்கள் பதிலைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். முழங்கைத் தழும்பைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவள் எழுந்துபோய்த் தன்னுடைய குளிசை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தாள். இரண்டு நாட்களாக இரவு வேளைக் குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறாள். அன்றிரவிலிருந்து முழு அளவுக்குத் திரும்பிவிட்டாள். கண்டி ஐயாவுக்கும் மருந்தாளர் ஐயாவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. மாமியார் அந்தத் தூளைக் கொதிநீரில் கலந்துதான் கொடுத்து வந்தார். நான் ஒரு கரண்டித் தூளைப் பச்சைத் தண்ணீரில் போட்டு இரவு முழுவதும் வைத்துப் பார்த்தேன். காலையில் தூள் அடியில் படிந்து, மேலே தெளிவான நீல நிறத் தண்ணீர் நின்றது, அழகாக இருந்தது. கொதிநீரில் போட்டபோது அந்த நீலமே வரவில்லை, மங்கிய பச்சை மட்டுந்தான். அந்த நீலந்தான் நீங்கள் சொன்ன பைக்கோசயனினா? மருந்துக்கு மாற்றாக அல்லாமல், வெறும் சத்துணவாகவேனும் இதைக் கொடுக்கலாமா? மாமியார் தன் உழைப்புக் காசைக் கொடுத்து வாங்கியது. அவருடைய மனம் நோகாமல் இருக்கவேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.


பதில் 4: கலவளர்ப்பு, கண்டி

நீங்கள் பார்த்தது அதுவேதான். பைக்கோசயனின் நீரில் கரையும் ஒரு புரதம். ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் அதன் உரு குலைந்து நீலம் போய்விடும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் உறைவதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரில் குடித்தாலும் இரைப்பையிலும் சிறுகுடலிலும் அது மற்றப் புரதங்களைப் போலவே சமிபாடடைந்து துண்டாகிவிடும். அதன் நிறக்கூறு சிறிதளவு உறிஞ்சப்படலாம். ஆனால் தட்டில் நாங்கள் நேரடியாகக் கலத்தின்மேல் ஊற்றும் செறிவு சூல்வித்தகத்தைத் தாண்டிக் கருவுக்குப் போய்ச் சேரும் என்று எண்ண இடமில்லை.

சத்துணவு என்று பார்த்தால், ஸ்பிருலினாவின் உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம் இருக்கிறது என்பது உண்மை. மெக்சிக்கோவின் டெக்ஸ்கோகோ ஏரியிலும் ஆபிரிக்காவின் சாட் ஏரிப் பகுதியிலும் மக்கள் அதை வடித்துக் காயவைத்து உணவாக உண்டுவந்தார்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது மூன்று கிராம் அளவில் எடுத்தால் கிடைப்பது இரண்டு கிராம் புரதம் அளவுதான். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. விட்டமின் பீ 12 அதிகம் என்று பொதிகளில் எழுதுகிறார்கள். அதில் பெரும்பகுதி நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். மாமியாரிடம் நேராகச் சொல்லுங்கள்: அடுத்த முறை அந்தக் காசுக்கு முட்டையும் நெத்தலியும் பருப்பும் வாங்கினால் மருமகளுக்கும் வரப்போகும் பிள்ளைக்கும் அதுவே உதவும். அவர் விளங்கிக்கொள்வார்.


பதில் 5: தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர், ஹப்புத்தளை

பாசி இயற்கையானது, ஆகவே நல்லது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். தேயிலையில் செந்துரு நோய் என்று நாங்கள் பார்ப்பதை உண்டாக்குவது செபாலியூரோசு என்ற ஒரு பச்சை அல்காதான். நலிந்த செடியின் தண்டுக்குள் புகுந்து கிளையையே காயவைத்துவிடும்.

1999 இல் கண்டி வாவி பச்சை வர்ணம் ஊற்றியதுபோல மாறியதை வயதில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது மைக்ரோசிஸ்டிசு என்ற நீலப்பச்சைப் பாசியின் பெருக்கம். ஸ்பிருலினாவும் அதே நீலப்பச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. விஞ்ஞானிகள் இவற்றைச் சயனோபற்றீரியா என்கிறார்கள். ஸ்பிருலினா நஞ்சை உண்டாக்குவதில்லை என்றாலும், திறந்த குளங்களில் கவனமின்றி வளர்க்கும்போது மற்ற இனங்கள் கலந்துவிடலாம். மைக்ரோசிஸ்டிசு உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கும் நஞ்சு. குடிநீரில் அது லீற்றருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. தொகுதி இலக்கமோ பரிசோதனைச் சான்றோ இல்லாமல் சந்தியில் விற்கும் பொதிக்குள் என்ன இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?


பதில் 6: மருந்தாளர், பண்டாரவளை

ஹப்புத்தளை ஐயா குறிப்பிட்ட ஈரல் விஷயம் இங்கே மிகவும் பொருந்துகிறது. வல்ப்ரோயேட்டும் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். அதனால்தான் கிளினிக்கில் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். ஏற்கெனவே ஒரு சுமையைத் தாங்கும் ஈரலுக்கு, தரம் தெரியாத இன்னொரு சுமையை ஏற்றவேண்டாம். அந்தத் தூளை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். கபிலக் கடற்பாசிக் குளிசைகளையும் யாரேனும் சிபாரிசு செய்தால் வாங்காதீர்கள். அவற்றில் அயடீன் மிகையாக இருக்கக்கூடும், அது கருவின் தைரொயிட் சுரப்பியைப் பாதிக்கும். நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி உண்ணும் கடற்பாசியைப் பற்றி நான் சொல்லவில்லை. அது வேறு, அதை அளவோடு உண்பதில் அச்சமில்லை.

தங்கை இரவுக் குளிசையைப் பாதியாக்கியதை வைத்தியரிடம் மறைக்கவேண்டாம். அந்த இரண்டு நாட்களையும் கொப்பியில் குறித்து வைக்கட்டும்.


டிக்கோயா ஆசிரியை மீண்டும்

நேற்று மிட்வைஃப் மிஸ் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னோம். சுகாதார வைத்திய அதிகாரியின் கடிதத்தோடு வருகிற செவ்வாய்க்கிழமையே நரம்பியல் கிளினிக்குக்குப் போகிறோம். தங்கையின் கணவரும் லீவு போட்டுவிட்டு வருகிறார். அதுவரை கருத்தடை முறையைக் கைக்கொள்ள இருவரும் இணங்கிவிட்டார்கள். போலிக் அமிலக் குளிசை நேற்றிரவே தொடங்கிவிட்டது. மாமியாரிடம் நானே பேசினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, திறக்காத பொதியை எடுத்து என் கையில் கொடுத்து, "இதையும் டொக்டரிடம் காட்டுங்கள், நான் என்ன கொடுத்தேன் என்று அவருக்கும் தெரியட்டும்" என்றார்.

கிளினிக்குக்கு வேறு என்ன கொண்டுபோகவேண்டும் என்று சொல்வீர்களா?


பதில் 7: மருந்தாளர், பண்டாரவளை

கிளினிக் கொப்பி, இதுவரை எடுத்த மருந்துகளின் வெற்று அட்டைகள், கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கை, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுத்திருந்தால் அதன் அறிக்கை, கடைசியாக வலிப்பு வந்த திகதி, வலிப்பு வந்தபோது கூட இருந்து பார்த்தவர் ஒருவர். இந்தக் கடைசியை மறக்காதீர்கள், உடம்பு எப்படி வெட்டியது என்று நோயாளிக்குத் தெரியாது. அது நீங்களாக இருந்தால் அன்று பாடசாலைக்கு நீங்களும் லீவு போடவேண்டும். மாமியார் கொடுத்த பொதியையும் கட்டாயம் கொண்டுபோங்கள்.